உப்புப் பார்க்கும் உத்தியோகம்

சிவக்கொழுந்துக்குச் சமைக்கத் தெரியாது. நாரந்தனையில் முதியோருக்கு மத்தியானச் சாப்பாடு போடும் நிலையத்தை நடத்துகிற பெண்மணி அவர்தான் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர் வைத்த சொதியை நான் ஒரேயொரு தடவை குடித்திருக்கிறேன். அதற்குப் பிறகு எவர் வீட்டுச் சொதியையும் குறை சொல்வதை விட்டுவிட்டேன். சமைப்பது அந்தோனியம்மா. சிவக்கொழுந்தின் வேலை ஊர்க் கிழடுகளை வீட்டிலிருந்து கிளப்பி, சண்டை பிடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, சாப்பிட வைத்துத் திருப்பி அனுப்புவது. சமையலைவிட அது கஷ்டம்.

நானும் அந்தக் கிழடுகளில் ஒருவன். பெயர் தம்பிஐயா. முந்தி ஊர்காவற்றுறை பஸ்ஸில் நடத்துனராக இருந்தவன். ஏறுகிறவனையும் இறங்குகிறவனையும் அதட்டியே பழகிய வாய். எழுத்திலும் அது கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிவக்கொழுந்து பதுளையில் ஒரு கடையின் பின்னறையில் வளர்ந்தவர். தகப்பனுக்கு அங்கே பலசரக்குக் கடை. எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. குடும்பம் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தது. பிறகு ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தப் பெட்டியும் போனது. அவருக்குப் பேசிவைத்த மாப்பிள்ளை சுவிஸுக்கு விமானம் ஏறினார், இன்னும் இறங்கவில்லை. அதைப்பற்றிக் கேட்டால், "அந்தாள் இன்னும் மேலதான் பறக்குது" என்பார் சிவக்கொழுந்து. நலன்புரி முகாமில் சோற்றுக்கு வரிசை நின்ற காலத்தில்தான் அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. அவர் ஒரு சத்தம் போட்டால் வரிசை நேராகும். ஒலிபெருக்கி வைத்திருந்த அதிகாரியே அதைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் வேலையைக் கொடுத்தாராம். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தத் தொண்டை மட்டும்தான்.

கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ச்சனம் ஒரு சங்கம் வைத்திருக்கிறது. அதற்கு ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளப் பெயர் உண்டு. நாங்கள் கனடாச் சங்கம் என்போம். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் ஊரில், சமைத்துக் கொடுக்க ஆளில்லை என்ற நிலைமை கண்டு, சனசமூக நிலையத்தில் தினமும் மத்தியானச் சாப்பாடு கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் தொடங்கிய விதம் இருக்கிறதே!

'அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட அனைவரும் வருக' என்று ஒரு அறிவித்தல் அடித்துச் சந்தியில் ஒட்டினார்கள். முதல் நாள் அந்தோனியம்மா ஒரு கிடாரம் சோறு வடித்தார். ஒரு குருவிகூட வரவில்லை. நானும் போகவில்லை. மதிலில் ஒட்டிக் கூப்பிட்டால் போவதற்கு நான் என்ன வாக்காளனா? எங்கள் ஊரில் சாப்பாடு என்றால் 'சொல்ல' வேண்டும். வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, 'கட்டாயம் வரவேணும்' என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாத சாப்பாட்டுக்குப் போகிறவனுக்கு ஊரில் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. அன்று மாடுகளுக்குத் திருவிழா.

இது கனடாவுக்கு விளங்கவில்லை, சிவக்கொழுந்துக்கு உடனே விளங்கிவிட்டது. அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார். என் வீட்டுக்கும் வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார்.

"அண்ணை, நாளைக்கு மத்தியானம் எங்கட நிலையத்தில சாப்பாடு. கட்டாயம் வரவேணும்."

"என்ன விசேஷம்?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை."

அது போதுமான காரணமாக எனக்குப் பட்டது. போனேன். எல்லாரும் வந்திருந்தார்கள். புதன்கிழமைக்கும் சொன்னார். வியாழனுக்கும் சொன்னார். ஒரு மாதம் முழுக்கச் சைக்கிளில் திரிந்து சொல்லிய பிறகுதான், சொல்லாமலே வரும் அளவுக்கு எங்களுக்கு வெட்கம் விட்டது.

அடுத்த வில்லங்கம், "ஆர் சமையல்?" என்ற கேள்வி. கைகழுவி இருந்தபிறகு, சோறு போட்டபிறகு, முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். அந்தோனியம்மா வேதக்காரி. அதற்கு மேலும் சிலதை அறிய ஆசைப்படுகிறவர்கள் எங்களிடையே தாராளம். சிவக்கொழுந்து எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "காஸ் அடுப்பு." கேட்டவர் அவருடைய முகத்தைப் பார்ப்பார். சிவக்கொழுந்து அகப்பையோடு அங்கேயே நிற்பார். கவளம் வாய்க்குள் போய்விடும்.

பிறகு உப்பு வந்தது. கிளினிக்கில் எல்லாருக்கும் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அந்தோனியம்மாவும் குறைத்தார். பிரஷர்க்காரர் சந்தோஷப்படவில்லை, மற்றவர்கள் கொதித்தே போனார்கள். அடுத்த நாள் கொஞ்சம் கூட்டினால், கொல்லப் பார்க்கிறாள் என்று ஒரு பகுதி எழும்பியது. அந்தோனியம்மா அகப்பையை எறிந்துவிட்டு அல்லைப்பிட்டிக்கு, தமக்கை வீட்டுக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை வெளிக்கிட்டு, இரண்டு தடவையும் பஸ் வராததால் திரும்பி வந்தார்.

இந்த உப்புச் சண்டையைச் சிவக்கொழுந்து பயன்படுத்திக்கொண்ட விதம்தான் நான் சொல்ல வந்தது.

கனடாச் சங்கத்தின் தலைவர் வசீகரன். அவருடைய தாய் இலட்சுமிப்பிள்ளை ஊரில்தான், ஒரு பெரிய வீட்டில் தனியே இருக்கிறார். கேற்றில் இரண்டு சிங்கம். கேற்றைப் பார்த்தபடி ஒரு கமரா. வசீகரன் ரொறன்ரோவில் இருந்துகொண்டு தொலைபேசியில் அந்தக் கேற்றைப் பார்ப்பார். சிங்கங்கள் சுகமாக இருக்கின்றனவா என்பது அவருக்கு எப்போதும் தெரியும். குசினியில் கமரா இல்லை. அதனால் அங்கே அடுப்பு எரிவதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

இலட்சுமிப்பிள்ளை கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்தவர். எலும்பு கோணலாகப் பொருந்தியது. பானை தூக்க ஏலாது, தேங்காய் திருவ ஏலாது. சமைக்க ஆள் வைத்தால் ஆள் நிற்பதில்லை. அனலைதீவில் இருந்து வந்த ஒரு பெண்ணிடம், வந்த அன்றே அவளுடைய பாட்டனார் ஊரில் எந்தப் பக்கம் இருந்தவர் என்று விசாரித்தார். பதில் பிடிக்கவில்லை. அவள் அடுத்த வள்ளத்தில் போய்விட்டாள். இப்படி மூன்று பேர். கிழவியின் பட்டினியில் பாதி கிழவியே சமைத்தது என்பேன். ஆனாலும் பட்டினி பட்டினிதான். கன்னம் ஒட்டி, சேலை தோளில் நிற்காமல் அந்த மனிசி கோயிலுக்கு நடந்துபோகும்போது எனக்குப் பார்க்கப் பொறுக்காது.

நிலையத்துக்கு வந்து சாப்பிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. சங்கத்தில் ஒரு விதி இருந்தது. நிர்வாக உறுப்பினரின் உறவினர் எவரும் பயன்பெற முடியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாரந்தனையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். விதிப்படி பார்த்தால் முருங்கை மரத்தடியில் படுக்கும் நாய் மட்டும்தான் சாப்பிடலாம். அதனால் 'தாய், தகப்பன், சகோதரங்கள் மட்டும்' என்று திருத்தினார்கள். நிர்வாகத்தில் இருந்த மற்றவர்களின் தாய் தகப்பன் சகோதரங்கள் எல்லாம் கனடாவில், அல்லது மேலே. ஆக, அந்த விதி உலகத்தில் ஒரேயொரு ஆளின் வாயைத்தான் கட்டியது. விதியை முன்மொழிந்தவர் வசீகரன். ஊழலற்ற நிர்வாகம் என்றால் அவருக்கு உயிர்.

விதி இல்லாவிட்டாலும் இலட்சுமிப்பிள்ளை வந்திருக்க மாட்டார். "நாங்கள் தருமச் சோறு தின்னுற குடும்பமில்லை, பிள்ளை" என்று சிவக்கொழுந்தைக் கேற்றோடேயே அனுப்பியவர்.

ஒரு நாள் சிவக்கொழுந்து திரும்பவும் போனார். சாப்பிட வரச் சொல்லவில்லை.

"மாமி, ஒரு உதவி கேட்டு வந்தனான். எங்கட குசினியில உப்புச் சரிவருகுதில்லை. ஒராள் குறைவெண்டுறார், மற்றாள் கூடவெண்டுறார். உங்களை விட்டால் இந்த ஊரில நாக்குத் தெரிஞ்ச ஆள் ஆர் இருக்கினம்? ஒருக்கா வந்து உப்புப் பார்த்துத் தருவியளோ?"

கலியாண வீட்டில் கிடாரம் இறக்குமுன் பெரிய மனிசி ஒருத்தியைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். அது சாப்பாட்டில் சேராது, மரியாதையில் சேரும். இலட்சுமிப்பிள்ளை தோளில் நழுவிய சேலையை இழுத்துவிட்டார்.

"எனக்கு நேரமில்லை. ஆனால் நீ இவ்வளவு தூரம் கேக்கிறாய்."

அடுத்த நாள் நல்ல சேலை உடுத்து வந்தார். குசினிக்குள் ஒரு கதிரை போட்டிருந்தது. அந்தோனியம்மா உள்ளங்கையில் கொஞ்சம் பருப்பு விட்டார். இலட்சுமிப்பிள்ளை நக்கிப் பார்த்தார். "சும்மா பார்த்தால் விளங்காது. சோத்தோட பார்க்கவேணும்" என்றார். சோறு வந்தது. பருப்புக்கு ஒரு பிடி, கீரைக்கு ஒரு பிடி, பூசணிக்காய்க்கு இரண்டு பிடி, சொதிக்கு நாலு பிடி. சொதியில் உப்புச் சட்டென்று பிடிபடாது என்பது அவருடைய வாதம். ஆறுதலாக, பொறுப்போடு பார்த்துமுடித்து, "கீரைக்கு இன்னும் ஒரு கல்லுப் போடலாம்" என்று தீர்ப்புச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவியிருந்தோம்.

இது தினமும் நடந்தது. கிழவியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஊருக்கே விஷயம் தெரியும், ஒருவரும் வாய்திறக்கவில்லை. எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று விளங்கும். சிவக்கொழுந்துக்குப் பயந்துதான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்னவோ, எங்களுக்குள்ளும் ஏதோ கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருந்தது என்று நினைக்கத்தான் விருப்பம்.

காட்டிக்கொடுத்தது வீடியோ. சாப்பாட்டுக்குக் காசு தருகிறவர்கள் நாங்கள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சிவக்கொழுந்து தினமும் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சிரியுங்கோ, இண்டைக்கு ஒரு பிள்ளையின்ர பிறந்தநாள்" என்று அதட்டுவார். பல்லிருக்கிறவர்கள் சிரிப்போம். ஒரு நாள் அப்படி எடுத்த வீடியோவில், எங்களுக்குப் பின்னால், குசினிக் கதவு திறந்திருந்தது. உள்ளே இலட்சுமிப்பிள்ளை ஒரு குவியல் சோற்றோடு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரே கூத்து. அடுத்த நாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வசீகரன் தொலைபேசியில் அழைத்தார். சிவக்கொழுந்தின் தொலைபேசியில் ஒருவர் பேசினால் பத்துப்பேருக்குக் கேட்கும்.

"அக்கா, அம்மா அங்க என்ன செய்யிறா?"

"உப்புப் பார்க்கிறா, தம்பி."

"அவ்வளவு சோத்தோடயோ?"

"உங்கட அம்மா எதையும் வடிவாய்த்தானே பார்ப்பா."

"பகிடி விடாதேங்கோ அக்கா. வாற மாதம் இஞ்ச நிர்வாகத் தெரிவு. சங்கச் சோத்தில தாயை வளர்க்கிறான் எண்டு எழுதிப்போட்டிருக்கிறாங்கள். நாளையில இருந்து அம்மா அங்க வரக்கூடாது."

"அப்ப மாமி என்னத்தைச் சாப்பிடுறது?"

"அலுமாரி நிறையச் சாமான் அனுப்பியிருக்கிறன்."

அது உண்மை. ஓட்ஸ், சத்துமாப் பேணி, சொக்லேற். எல்லாவற்றையும் கிழவி வீட்டுக்கு வருகிறவர்களுக்கென்று பூட்டிவைத்திருக்கிறார். சிவக்கொழுந்து அதைச் சொல்ல வாயெடுக்குமுன் வசீகரன் முந்திக்கொண்டார்.

"உங்களால ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நிலையத்துக்கு வேற ஆளைப் பார்க்கிறன்."

சிவக்கொழுந்து எங்களை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். காது கேளாதவர், கண் தெரியாதவர், சீனிவருத்தக்காரர், வாய்க்காரர். வேறு ஆள் வந்தால் எங்களில் பாதிப்பேர் வீட்டிலேயே கிடந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். "சரி தம்பி" என்றார். அவர் அடங்கிப்போனதை நான் பார்த்தது அன்றுதான். எனக்கு வந்த கோபத்தில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

அடுத்த நாள் அவர் சாப்பாட்டைக் கரியரில் போட்டுக்கொண்டு சிங்கக் கேற்றைத் திறந்தார். சிங்கத்தைத் தாண்டுமுன், அங்கே நடுச்சாமம் என்றும் பாராமல், வசீகரனின் தொலைபேசி அழைப்பு வந்தது. கமரா. அதற்கு மறுநாள் பின்வேலியால் நீட்டிப் பார்த்தார். இலட்சுமிப்பிள்ளை கையை நீட்டவில்லை.

"பின்வேலியால சோறு வாங்கிறது ஆரெண்டு உனக்குத் தெரியாதோ?"

தெரியாமல் என்ன. அந்த வேலியால் ஆட்களுக்குச் சோறு கொடுத்த குடும்பம்தானே அது. யாரை எந்த வாசலில் நிறுத்தினோம் என்பதெல்லாம் எங்களுக்கு மறக்கவே மறக்காது, தங்களுக்கு நேரும்போது மட்டும் நெஞ்சு குத்தும். சிவக்கொழுந்து கெஞ்சினார். திட்டினார். கிழவி கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு தேத்தண்ணியும் விசுக்கோத்தும்தான். இரண்டு கிழமைக்குள் முகம் பழையபடி ஒட்டியது. கோயில் படி ஏறும்போது கைபிடித்து ஏற்ற வேண்டியிருந்தது.

ஆவணியில் நிலையத்தின் ஆண்டுவிழா. வசீகரன் குடும்பத்தோடு வந்து இறங்கினார். ஏசி இல்லாமல் பிள்ளைகளுக்கு நித்திரை வராது என்று யாழ்ப்பாணத்தில் ஹோட்டல். ஊர் வீட்டுக்கு வந்து சிங்கத்தோடு நின்று படமெடுத்தார்கள். தாயைக் கட்டிப்பிடித்தார்கள். "அம்மா நல்லா மெலிஞ்சு அழகாயிட்டா" என்று மருமகள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

விழாவன்று சாப்பாடு வழமையான நேரத்துக்கே தயார். ஆனால் பேச்சு முடிந்து, நாங்கள் சாப்பிடுவதை வீடியோக்காரன் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. விருந்தினர்கள் பிந்தினார்கள். மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, இன்னொரு ஆசியுரை. சோற்று வாளிகளை மேடைக்குப் பக்கத்திலேயே வடிவாக மூடி வைத்திருந்தார்கள், படத்துக்கு. மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சிவக்கொழுந்து பின்னால் வந்து சீனிவருத்தக்காரர்களின் கையில் ஒவ்வொரு விசுக்கோத்தாக வைத்து, பேசுகிறவர்களைக் கண்ணால் எரித்தபடி போனார். இலட்சுமிப்பிள்ளைக்கு முன்வரிசையில் பட்டுச்சேலையோடு கதிரை. தலைவரின் தாய் விசுக்கோத்துச் சாப்பிட்டால் வீடியோவில் விழும் என்று அவருக்குக் கொடுக்க வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள்.

கடைசியாக வசீகரன் மைக்கைப் பிடித்தார். வெளிப்படைத்தன்மை என்றார். பொறுப்புக்கூறல் என்றார். பிறகு மார்பில் கைவைத்து, "நான் இண்டைக்குப் பெருமையோட சொல்லுவன். என்னைப் பெத்த தாய்க்குக்கூட இந்தத் திட்டத்தில ஒரு பிடி சோறு போகாது!" என்றார். கைதட்டலுக்கு இடம்விட்டு நின்றார்.

கை தட்டுவதற்கு எங்களில் ஒருவருக்கும் தெம்பு இல்லை. இலட்சுமிப்பிள்ளை கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"வசி, எனக்குப் பசிக்குதடா."

வசீகரன் மைக்கில் சிரித்தார். "அம்மா பகிடி விடுறா."

"பகிடி இல்லை. பசிக்குது. நீ சோத்தை நிப்பாட்டின நாளில இருந்து பசிக்குது."

வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் ஒன்றும் கேட்டிராத மனிசி ஊர்முன் நின்று அதைச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை. சிவக்கொழுந்து ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துச் சோற்று வாளியின் மூடியைத் திறந்தார்.

"அக்கா, வீடியோ போகுது," என்றார் வசீகரன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார், ஆனால் மைக் கையில் இருந்தது.

"போகட்டும்," என்றார் சிவக்கொழுந்து. அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

சோற்றையும் பருப்பையும் போட்டுக் கிழவியின் மடியில் வைத்தார். இலட்சுமிப்பிள்ளை கோணல் கையால் குழைத்துச் சாப்பிட்டார், தலை நிமிரவில்லை. முடிந்ததும் கோப்பையை மகன் பக்கம் நீட்டினார். வாளிக்குக் கிட்ட நின்றது வசீகரன்தான். மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு கரண்டி சோறு போட்டார். "இன்னும் போடு" என்றார் தாய். போட்டார். "இன்னும்."

ரொறன்ரோவில் தெரிவு முடிந்துவிட்டது. வசீகரன் ஏகமனதாக மறுபடியும் தலைவர். தாய் பேசியதை வெட்டியெடுத்துவிட்டு, மேலே ஒரு பாட்டைப் போட்டு, தாய்க்குத் தன் கையால் சோறு போடும் மகன் என்று வீடியோ விட்டார்களாம். பார்த்தவர்கள் எல்லாம் அழுதார்களாம். சிவக்கொழுந்தை நீக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது, கோப்பையோடு வரும் அக்கா யாரென்று உலகமெல்லாம் விசாரிக்கிறது. விதியையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள்.

இலட்சுமிப்பிள்ளை இப்போது எங்களோடு வரிசையில் இருந்துதான் சாப்பிடுகிறார். உப்பைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. வசீகரன் தினமும் அந்த நேரத்துக்குத் தாயின் தொலைபேசிக்கு எடுக்கிறார். அங்கே அப்போது விடிய இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்.

"அம்மா, சாப்பிட்டனீங்களோ?"

"இல்லையடா, இன்னும் இல்லை," என்பார் இலட்சுமிப்பிள்ளை, வாய் நிறையச் சோற்றோடு.

நேற்றுச் சிவக்கொழுந்துக்குப் பொறுக்கவில்லை. சொதி வாளியோடு வந்து நின்று கேட்டார்.

"ஏன் மாமி பச்சைப்பொய் சொல்லுறியள்? பாவம், அந்தப் பிள்ளை நித்திரை முழிச்சிருந்தெல்லோ கேக்குது?"

"முழிச்சிருக்கட்டும்," என்றார் கிழவி. "நான் பசியோட கிடக்கேக்க அவன் வடிவாய் நித்திரை கொண்டவன்தானே."